ஒற்றை மூலக்கூறின் அதிர்வை ஒளியால் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து உயர்தர மாணவர்களிடம் நிறமாலையியல் பற்றிப் பேசப் போனால், ஏறத்தாழ இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். பிள்ளையை ஏற்றிப்போக வந்து வாசலில் நிற்கும் பெற்றோரும் விடமாட்டார்கள். கேட்டவர்களின் பேச்சைக் கூடியவரை அப்படியே வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில இரண்டு வரி. கேள்விகளின் கனம் அப்படி.

மூலக்கூறு உண்மையிலேயே அதிருமா சேர்? குளிரவைத்தால் நின்றுவிடாதா?

அதிரும், நிற்காது. தனிப்பூச்சிய வெப்பநிலையை நெருங்கினாலும் அடிநிலை அதிர்வு ஒன்று மிஞ்சும். குவாண்டம் பொறிமுறை அதை எடுக்க விடாது.

வேகம் எவ்வளவு என்றால், பென்சீன் வளையம் முழுதாக விரிந்து சுருங்கும் அதிர்வு செக்கனுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் கோடி தடவை நடக்கிறது. இவ்வளவு பெரிய எண்ணை யாரும் சுமப்பதில்லை. ஒரு சென்ரிமீற்றருக்குள் எத்தனை அலை என்ற அலையெண்ணில் சொல்வார்கள். அந்தக் கணக்கில் பென்சீனின் அதிர்வு 992. காபனும் ஒட்சிசனும் இரட்டைப் பிணைப்பில் இருந்தால் 1700 அளவில் வரும். காபன், நைதரசன் மும்மைப் பிணைப்பு 2200 அளவில். காபன், ஐதரசன் பிணைப்பு 2900க்கு அருகே.

பிணைப்பு இறுக்கமானால் எண் கூடும், அணு பாரமானால் குறையும். ஐதரசனை எடுத்துவிட்டு அதன் பாரமான சமதானியான தூத்தேரியத்தை வைத்தால் அந்த 2900 என்பது 2100 பக்கம் இறங்கிவிடும். மூலக்கூறின் இரசாயனம் ஏறத்தாழ மாறாது, அதிர்வெண் மட்டும் மாறும். இதை நினைவில் வையுங்கள், கீழே ஒரு வழக்கையே தீர்த்துவைக்கப் போகிறது.

அந்த அதிர்வை ஒளியால் எப்படி அறிவது?

இரண்டு பாதை உண்டு. அதிர்வின் அதிர்வெண்ணும் ஒளியின் அதிர்வெண்ணும் ஒன்றாக இருந்தால் மூலக்கூறு அந்த ஒளியை உறிஞ்சும். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளி. இது ஒரு பாதை.

மற்றது ராமன் சிதறல். பச்சை ஒளியை மூலக்கூறில் விழவிட்டால் சிதறும் ஒளியில் ஏறக்குறைய எல்லாமே அதே பச்சைதான். மிகச் சொற்பமான பங்கு மட்டும் அதிர்வுக்குரிய சக்தியை மூலக்கூறிடம் விட்டுவிட்டு நிறம் சற்றுச் சிவந்து வெளியே வரும். 532 நனோமீற்றர் பச்சை லேசரைப் பென்சீனில் விட்டால் 561.6 நனோமீற்றரில் ஒரு கோடு தெரியும். அந்த வித்தியாசத்துக்குள்தான் 992 இருக்கிறது.

திருச்சியில் பிறந்த சி. வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928 பெப்ரவரி 28இல் கல்கத்தாவில் இதைக் கண்டார்கள். முதலில் வடிகட்டிய சூரிய ஒளி, பிறகு இரச விளக்கு. லேசர் என்ற பொருள் உலகத்துக்கு வர இன்னும் 32 வருடம் இருந்தது. அதே வருடம் மொஸ்கோவில் லாந்ஸ்பெர்க்கும் மண்டெல்ஷ்தாமும் குவாட்சுப் பளிங்கில் இதையே தனியாகக் கண்டார்கள். 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனின் பெயரை நம் வகுப்புகளில் சேர்த்துச் சொல்வதில்லை. அது எனக்கு நெடுநாள் குறை.

சரி, அப்ப நல்ல நுணுக்குக்காட்டி ஒன்றோடு லேசரைப் பூட்டினால் ஒரு மூலக்கூறைப் பார்த்துவிடலாமே?

முடியாது. தடை இரண்டு.

முதலாவது மங்கல். சிதறும் ஒளித்துணிக்கைகளில் கோடிக்கு ஒன்று என்ற அளவில்தான் ராமன் வகை. ஒரு சாய மூலக்கூறு ஒளியை உறிஞ்சிப் புளோரொளிர்வாகத் திருப்பித் தரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், சாதாரண ராமன் சிதறலின் வாய்ப்பு கோடி கோடியில் ஒரு பங்கு. கோடியைக் கோடியால் பெருக்கிய எண், பிழையாக இரண்டு தடவை அச்சிடவில்லை.

இரண்டாவது ஒளியின் அலைத்தன்மை. வில்லை எவ்வளவு திறமானதாக இருந்தாலும் பச்சை ஒளியை 250 நனோமீற்றரிலும் சிறிய புள்ளியாக்குவது கடினம். நாம் தேடும் மூலக்கூறு 1 நனோமீற்றர் அளவு. ஆக, அந்தப் புள்ளிக்குள் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் நெருக்கிக்கொண்டு நிற்கும்.

இந்தத் துறையின் 50 வருடக் கதையை இந்த இரண்டு தடைகளோடு நடந்த மல்லுக்கட்டு என்றே சொல்லலாம்.

தங்கம், வெள்ளி என்று சொன்னீங்களே, அது எதுக்கு? (காத்தான்குடியில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவர்)

மேலே சொன்ன மங்கல் என்ற தடையை உடைத்தவை அந்த உலோகங்கள்தான். 1974இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிளெய்ஷ்மான், ஹென்ட்ரா, மக்குயில்லன் மூவரும் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் பிரிடீன் என்ற சேர்மத்தின் ராமன் கோடுகளை அளந்தார்கள். கோடுகள் எதிர்பாராத அளவுக்குப் பலமாக இருந்தன. சொரசொரப்பான பரப்பில் இடம் கூட, மூலக்கூறுகளும் கூட ஒட்டியிருக்கும் என்று விளக்கினார்கள். 1977இல் அமெரிக்காவில் ஜான்மேரும் வான் டியூனும், இங்கிலாந்தில் அல்பிரெக்டும் கிரெய்ட்டனும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கூடிய இடம் என்ற விளக்கம் ஈடு கொடுக்கவில்லை. ஒவ்வொரு மூலக்கூறின் சைகையுமே இலட்சம் மடங்கு, பத்து இலட்சம் மடங்கு பெருகியிருந்தது.

உலோகத்தின் இலத்திரன்கள் கூட்டமாக ஊசலாடக்கூடியவை. பொன், வெள்ளித் துணிக்கை சில பத்து நனோமீற்றர் அளவில் இருந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு அந்த ஊசல் பரிவுக்கு வந்துவிடும். அப்போது துணிக்கையின் விளிம்பை ஒட்டிய இடத்தில் மின்புலம் மிகவும் பலமாகிறது. இரண்டு துணிக்கைகள் ஒரு நனோமீற்றர் இடைவெளியில் நெருங்கி நின்றால், அந்த இடுக்கில் இன்னும் பலம்.

இலாபம் இரட்டிப்பாக வருவதுதான் இதில் விசேடம். உலோகம் முதலில் உள்ளே வரும் ஒளியைக் கூட்டிக்கொடுக்கிறது, பிறகு மூலக்கூறிலிருந்து வெளியே போகும் ஒளியையும் கூட்டிக்கொடுக்கிறது. ஆகவே ராமன் சைகை மின்புலப் பெருக்கத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். புலம் 100 மடங்கானால் சைகை பத்துக் கோடி மடங்கு. அதே காரணத்தால் சில நனோமீற்றர் தள்ளிப்போனாலே எல்லாம் போச்சு. தூரம்தான் இங்கே எசமான்.

வெள்ளி கூடப் பலம் தரும், ஆனால் கந்தகம் பட்டால் கறுத்துவிடும்; அது நகைக்கடைக்காரருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பொன் கறுக்காது. ஆனால் பச்சைக்கு அப்பால் நீலப் பக்கம் போனால் தானே ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பொன்னுக்குச் சிவப்பு லேசரே பொருத்தம்.

எத்தனை பவுண் போகும்?

அதே ஆளுடைய அடுத்த கேள்வி. 100 நனோமீற்றர் தடிப்பில் ஒரு சதுர சென்ரிமீற்றரை மூடப் போகும் பொன் 0.2 மில்லிகிராமுக்கும் குறைவு. எட்டுக் கிராமுள்ள ஒரு பவுணில் அப்படி 40,000 துண்டுக்கு மேல் போடலாம். செலவு பொன்னில் இல்லை, லேசரிலும் உணரியிலும்.

மறுகா எப்படி அது ஒண்டுதான் எண்டு சொல்றீங்க? ரெண்டா இருந்தா? (களுவாஞ்சிகுடி மாணவி ஒருவர்)

இதுவரை எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் முதல்தரம். ஆய்வாளர்களே இதில் பத்து வருடம் சண்டை பிடித்தார்கள்.

1997இல் இரண்டு குழுக்கள் ஒற்றை மூலக்கூறின் ராமன் சைகையைப் பார்த்ததாக அறிவித்தன. நீயும் எமரியும் வெள்ளித் துணிக்கைகளில் ரொடமின் 6ஜி என்ற சாயத்தைப் பார்த்தார்கள். நைப் குழு பளிங்கு ஊதா என்ற சாயத்தைப் பார்த்தது. பெருக்கம் கோடி கோடி மடங்கு என்றார்கள்.

அவர்களின் ஆதாரம் என்ன? கரைசலை மிக ஐதாக்கினால், அளக்கும் இடத்துக்குள் சராசரியாக ஒரு மூலக்கூறுக்கும் குறைவாகவே இருக்கும் என்பது ஒன்று. சைகை விட்டுவிட்டு மினுங்குகிறது, கூட்டமாக இருந்தால் சராசரியாகி நிதானமாக இருந்திருக்கும் என்பது இன்னொன்று. நைப் குழு சைகையின் பலத்தை 0, 1, 2, 3 மூலக்கூறுகளுக்குரிய படிகளாகப் பிரித்து, தற்செயலாக விழும் எண்ணிக்கைகளுக்குரிய புவாசோன் பரம்பலோடு பொருந்துவதைக் காட்டியது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஓட்டை எங்கே என்றால், பரப்பு முழுவதும் பெருக்கம் ஒரே அளவில் இருப்பதில்லை. இடுக்குகளில் மட்டும்தான் உச்சம். இடுக்கில் இருக்கும் ஒரு மூலக்கூறும் இடுக்குக்கு வெளியே இருக்கும் ஆயிரம் மூலக்கூறும் ஒரே பலச் சைகையைத் தரலாம். பலத்தை வைத்து எண்ண முடியாது. மினுங்கலையும் நம்ப முடியாது. லேசர் சூட்டில் மூலக்கூறு கருகிக் கரியானால் அந்தக் கரியும் மினுங்கும். 1350, 1580 பக்கம் அகலமான மேடுகளோடு துள்ளும் நிறமாலையைக் கண்டால் முதலில் கரியைச் சந்தேகியுங்கள். அச்சேறிய சில உருவங்களைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு அந்தச் சந்தேகம் வருகிறது.

தீர்ப்பு வேறு வழியால் வந்தது. 2006இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் லெ ரூ, மேயர், எச்செகோயின் ஆகியோர் இரண்டு வேறு சாயங்களைச் சம அளவில் கலந்தார்கள். இடுக்குக்குள் நிறைய மூலக்கூறுகள் இருந்தால் ஒவ்வொரு நிறமாலையிலும் இரண்டு சாயமும் தெரியவேண்டும். ஒன்றே ஒன்று இருந்தால் ஒரு தடவை இது, இன்னொரு தடவை அது. இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம். ஆயிரக்கணக்கான நிறமாலைகளை எடுத்து எண்ணினார்கள். ஐதான கரைசலில் தனித்தனியாகவே வந்தன.

அதற்கும் ஒரு மறுப்பு இருந்தது. இரண்டு சாயமும் உலோகத்தில் ஒரே அளவில் ஒட்டும் என்று யார் சொன்னது? 2007இல் வான் டியூன் குழு அதையும் அடைத்தது. ஒரே ரொடமின்தான், ஒரு பாதியில் ஐதரசன், மறு பாதியில் சில இடங்களில் தூத்தேரியம். ஒட்டுவதும் ஒன்று, நிறமும் ஒன்று, அதிர்வெண் மட்டும் வேறு. அப்போதும் தனித்தனியாகவே வந்தன. வழக்கு முடிந்தது.

இடையில் கோடி கோடி என்ற எண்ணும் இறங்கியது. சாயமே ஒளியோடு பரிவில் இருந்து உதவுவதைக் கழித்துவிட்டால், உலோகத்தின் பங்காகப் பத்துக் கோடி முதல் ஆயிரம் கோடி மடங்கு இருந்தாலே போதும் என்று கணக்கிட்டார்கள்.

ஒரு மூலக்கூறைக் காண்பது ஒரு வேலை, கண்டது ஒன்றுதான் என்று நிறுவுவது அதைவிடப் பெரிய வேலை. செய்தித்தாளில் 'ஒற்றை மூலக்கூறு' என்று வாசித்தால் இந்த மாணவி கேட்ட கேள்வியையே கேளுங்கள்.

சைகை கிடைக்கிறது சரி. படமாக எடுக்க முடியுமா?

முடியும். ஆனால் இடுக்கு எங்கே அமைகிறதென்று காத்திருக்கக்கூடாது, நாமே அதைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஒரு வெள்ளி அல்லது பொன் ஊசியைக் கூராக்கி, பரப்புக்கு மேல் ஒரு நனோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் நிறுத்தி, அதன் முனையில் லேசரைக் குவிப்பார்கள். பெருகிய புலம் முனைக்கும் பரப்புக்கும் இடையில் அடைந்துகிடக்கும். ஊசியை நகர்த்தினால் புலமும் கூடவே நகரும். 2000ஆம் ஆண்டளவில் சூரிச்சில் செனோபி குழுவும் யப்பானில் கவாதா குழுவும் வேறு சிலரும் இதைத் தொடங்கினார்கள்.

கல்லடிப் பாலத்தடியில் பாடுமீன் கேட்கப் போகிறவர்கள் தோணியிலிருந்து துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைப்பார்கள். வாவி முழுதுக்கும் பொதுவாகக் காது கொடுத்தால் ஒன்றும் கேளாது, துடுப்பு இறங்கிய இடத்தின் ஒலி மட்டும் மேலே ஏறிவரும். ஊசி செய்வதும் அதுதான்.

2013இல் சீனாவின் ஹெஃபெய் நகரில் ஒரு குழு வெள்ளிப் பரப்பில் கிடந்த ஒரு போபிரின் மூலக்கூறை இப்படிப் படமாக்கியது. பிரிதிறன் ஒரு நனோமீற்றருக்கும் கீழே. போபிரின் வளையம் என்பது நம் இரத்தத்தில் உள்ள ஈம் என்ற பகுதியிலும் இலையின் பச்சையத்திலும் நடுவில் இருக்கும் கட்டமைப்பின் உறவு. 2019இல் கலிபோர்னியாவின் இர்வைனில் அப்காரியன் குழு இன்னும் இறங்கியது. கோபாற்று உள்ள ஒரு போபிரின், செப்புப் பரப்பு, மறை 267 பாகை செல்சியசு, உயர் வெற்றிடம், முனையில் ஒரே ஒரு வெள்ளி அணு நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி. மூலக்கூறின் எந்தப் பகுதி எந்த அதிர்வில் ஆடுகிறது என்பதைத் தனித்தனி வரைபடமாக எடுத்தார்கள். பிரிதிறன் 0.17 நனோமீற்றர் அளவு, இரண்டு அணுக்களுக்கு இடையிலான தூரத்தோடு ஒப்பிடக்கூடியது.

அது கமெராப் படம் மாதிரியா?

இல்லை. ஊசி புள்ளி புள்ளியாக நகரும், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முழு நிறமாலை எடுக்கும். 32க்கு 32 புள்ளி, புள்ளிக்கு ஒரு செக்கன் என்றால் 17 நிமிடம். அவ்வளவு நேரமும் மூலக்கூறு அசையாமல் கிடக்கவேண்டும். அவ்வளவு குளிரும் வெற்றிடமும் அதற்குத்தான். பிறகு ஓர் அதிர்வைத் தெரிந்து, அது எங்கே பலம், எங்கே பலவீனம் என்று நிறம் பூசுவார்கள். அந்த நிறம் கணினி தந்தது, மூலக்கூறு தந்ததல்ல.

செந்நிறக்கீழ் ஒளி என்ற முதல் பாதை என்ன ஆயிற்று?

மூலக்கூறு செந்நிறக்கீழ் ஒளியை உறிஞ்சும் வாய்ப்பு ராமன் சிதறலைவிடப் பல கோடி மடங்கு கூட. அப்படியிருந்தும் அது பின்தங்கியது. அலைநீளம் 3 முதல் 10 மைக்ரோமீற்றர், புள்ளி பெரிது. உணரிகளும் இரைச்சல் கூடியவை. அறை வெப்பநிலையில் இருக்கும் சுவர், மேசை, உங்கள் கை எல்லாமே 10 மைக்ரோமீற்றர் பக்கத்தில் கதிர்வீசிக்கொண்டிருக்கும்போது ஒற்றை மூலக்கூறு காட்டும் சொட்டு மாற்றத்தை எங்கே தேடுவது?

அண்மைய வழி எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் செந்நிறக்கீழ் துடிப்பு ஒன்று மூலக்கூறை அதிரவைக்கும். அது அடங்கும் முன், ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் சில பங்கு நேரத்துக்குள், இரண்டாவது துடிப்பு வரும். அதன் சக்தி சும்மா இருக்கும் மூலக்கூறை ஒளிரவைக்கப் போதாது, அதிர்ந்துகொண்டிருப்பதை ஒளிரவைக்கப் போதும். ஆக, புளோரொளிர்வு வந்தால் அதிர்வு நடந்திருக்கிறது. எண்ணுவது கண்ணுக்குத் தெரியும் பக்கத்து ஒளியை, அறிவது அதிர்வை. 2023இல் கலிபோர்னியா தொழினுட்பக் கழகத்தின் லூ வெய் குழு இப்படி ஒற்றை மூலக்கூறுவரை போனது. 2019இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வெய் மின் குழு இதன் ராமன் வடிவத்தைக் காட்டியிருந்தது. உலோகம் தேவையில்லை என்பது பெரிய விடுதலை. ஒளிரக்கூடிய சாயம் வேண்டும் என்பது இதன் கட்டு.

2014 நோபல் பரிசு இதற்குத்தானே?

இல்லை. அது புளோரொளிர்வு வழியாக வந்த மீநுண் நுணுக்குக்காட்டியியலுக்கு. பரிசு பெற்றவர்களில் ஒருவரான மோர்னர் 1989இல் ஒற்றை மூலக்கூறின் ஒளி உறிஞ்சலை முதலில் அளந்தவர். அங்கே சாயம் எங்கே இருக்கிறது என்று தெரியும். அதிர்வு நிறமாலை, அது என்ன மூலக்கூறு என்றும் சொல்லும்.

மனே, வட்டையில அடிக்கிற மருந்து நெல்லுல நிக்குதா எண்டு இதால பார்க்கலாமா? (படுவான்கரை விவசாயி)

சில மருந்துகளைப் பார்க்கலாம். தைராம் போன்ற, கந்தகம் உள்ள பூஞ்சைநாசினிகள் பொன்னிலும் வெள்ளியிலும் தாமாகவே இறுகப் பிடிக்கும். அதனால் ஆய்வுகூடங்களில் அவைதான் வழமையான உதாரணம். உலோகத்தில் ஒட்டாத மருந்து என்றால் பாடு. உமி, தவிடு, மண் எல்லாம் முந்திக்கொண்டு உலோகத்தில் ஏறி இடத்தைப் பிடித்துவிடும். முதலில் பிரித்தெடுத்துச் சுத்தமாக்கவேண்டும். ஐயா கேட்பது ஒரு மூலக்கூறு இருக்கிறதா என்பதல்ல, உண்ணக்கூடிய அளவைத் தாண்டியதா என்பது. அதற்கு இன்றுவரை நிறப்பகுப்பும் திணிவு நிறமாலைமானியும் உள்ள ஆய்வுகூடமே நம்பிக்கையான இடம்.

மீனில் போமலின் பற்றியும் கேட்கிறார்கள். போமலினில் இருக்கும் போமல்டிகைட்டு மிகச் சிறிய மூலக்கூறு, பொன்னில் சரியாகப் பிடிக்காது. அதை வேறொரு சேர்மத்தோடு தாக்கமுறவைத்து, வரும் விளைவைத்தான் அளப்பார்கள். வாவித் தண்ணீரைப் பொறுத்தவரை ராமனுக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. தண்ணீரின் ராமன் சைகை மெலிது, உள்ளே கரைந்திருப்பதை மறைக்காது. செந்நிறக்கீழ் ஒளியையோ தண்ணீர் விழுங்கிவிடும்.

கையில் பிடிக்கும் ராமன் கருவி விற்கிறார்களே?

அவை உண்மையான கருவிகள். போத்தலுக்குள் இருக்கும் தூள் என்ன, மாத்திரை அசலா என்று சுங்கத்திலும் மருந்துத் தொழிற்சாலையிலும் பார்ப்பார்கள். அவை பார்ப்பது கோடானுகோடி மூலக்கூறுகளை. அதை வைத்து 'ஒரு துளியில் எல்லா நோயும் தெரியும்' என்று யாராவது சொன்னால் காசை வெளியே எடுக்காதீர்கள்.

பாடசாலையில் பச்சை லேசர் பேனையால் செய்து பார்க்கலாமா?

ராமன் சிதறலை முயலலாம், ஒற்றை மூலக்கூறை மறந்துவிடுங்கள். தேங்காயெண்ணெயிலோ வேறு எண்ணெயிலோ பச்சைக் கற்றையை விட்டால் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ தெரியும். அதை ராமன் என்று குதிப்பவர்கள் பலர். அனேகமாக அது புளோரொளிர்வு. பிரித்தறிய லேசரின் நிறத்தை மாற்றுங்கள். ராமன் கோடு லேசரோடு சேர்ந்து நகரும், புளோரொளிர்வு தன் இடத்திலேயே நிற்கும். மலிவான பச்சைப் பேனைகளில் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளியும் கசியலாம். தகுந்த கண்ணாடியும் ஆசிரியரும் இல்லாமல் தொடவேண்டாம்.

இதைப் படிக்க எங்கே போவது? இப்ப என்ன படிக்க வேணும்?

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம் இருக்கிறது, சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. பௌதிகவியல், இரசாயனவியல் இரண்டையும் சேர்த்து எடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தவர் இந்தத் துறையில் பாதி வழியில் நின்றுவிடுவார். இப்போதைக்கு எளிய இசை இயக்கம், பரிவு, அலைகளின் கோணல், மின்னெதிர்த்தன்மை நன்றாகத் தெரிந்தால் போதும்.

ஒரு கணக்கும் தருகிறேன். 785 நனோமீற்றர் லேசரைப் பென்சீனில் விட்டால் அந்த 992 கோடு எந்த அலைநீளத்தில் தெரியும்? 851 நனோமீற்றருக்குச் சற்று மேலே வரவேண்டும். 815 பக்கம் வந்தால், மேலே பச்சை லேசருக்குக் கண்ட 29.6 நனோமீற்றர் வித்தியாசத்தை அப்படியே கூட்டியிருக்கிறீர்கள். முதலில் அலையெண்ணுக்கு மாற்றி, அங்கே கழித்து, பிறகு திரும்பி வாருங்கள்.